நெல் குவியலுக்குப் பின்னால் ஒரு ஜோடி செருப்பு

இரண்டு வருஷத்துக்கு முந்தைய தை மாசம். உத்திரமேரூருக்குப் பக்கத்தில், ஏரிக்கரையை ஒட்டின ஒரு கிராமத்து மைதானத்தில் இது நடந்தது. அறுவடை சமயத்தில் சுற்றுவட்டாரத்து நெல்லையெல்லாம் அந்த மைதானத்தில்தான் கொள்முதல் செய்வார்கள். எங்கள் நெல்லையும் அங்கேதான் கொண்டுபோய்க் கொட்டியிருந்தோம்.

கொட்டின அன்றைக்கே எடை போட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். வரிசை இருக்கிறது. நம் முறை வரும்போது நெல்லில் ஈரம் இருந்தால் காயவைத்துக்கொண்டு வா என்பார்கள். பகலெல்லாம் பரப்பிவிட்டுக் காலால் கிளற வேண்டும். பொழுது சாயும்போது பலகையால் தள்ளிக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். அப்புறம் பக்கத்திலேயே படுத்துக் காவல் காக்க வேண்டும். தார்ப்பாய் கொஞ்சம் விலகினாலும் காய்ந்த நெல் பனியில் மறுபடி நனைந்துவிடும். மாடு வரும், பன்றி வரும். வருஷம் முழுக்கப் பட்ட பாடெல்லாம் வெட்டவெளியில் கிடக்கும்போது வீட்டில் போய்ப் படுத்தால் தூக்கம் எங்கே வரும்?

காவலுக்குப் பெரும்பாலும் ஆம்பிளைகள்தான் போவார்கள். அந்த வருஷம் என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்து அப்போதுதான் விட்டிருந்தது. ஆள் பாதியாகியிருந்தார். இருமல் மட்டும் போகவே இல்லை. நானும் வருகிறேன் என்றேன். "பொம்பள நீ அங்க வந்து இன்னா பண்ணப்போற?" என்றார். போர்வையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வண்டியில் அவர் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அவரிடம் பர்மிஷன் வாங்கி எதையும் செய்து எனக்குப் பழக்கமில்லை.

நம் ஊரில் குளிர் என்று சொன்னால் சிரிப்பவர்கள் நிறையப் பேர். சென்னையில் இருக்கும் என் தங்கையே சிரிப்பாள். தை மாசத்திலும் ஃபேன் போட்டுக்கொண்டு தூங்குகிறவள் அவள், அவளுக்கு என்ன தெரியும்? ஏரிக்கரைப் பக்கத்தில் வெட்டவெளியில் ஒரு ராத்திரி படுத்துப் பார்த்தால் தெரியும். மத்தியானம் நெல் கிளறும்போது உள்ளங்கால் வெந்துபோகும். அதே மண் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கெல்லாம் ஜில்லிட்டுவிடும். அப்புறம் ஏரியிலிருந்து ஒரு ஈரக்காற்று கிளம்பும். போர்த்தியிருக்கிற போர்வை மேல்பக்கம் நனைந்து, கையால் தொட்டால் தண்ணீர் ஒட்டும். வெயிலுக்கு என்ன செய்வது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், பிறந்ததிலிருந்து பழகினது. குளிரிடம் மட்டும் ஒவ்வொரு வருஷமும் புதுசாகத்தான் மாட்டிக்கொள்வோம். ஸ்வெட்டர் என்று ஒன்று எங்கள் வீட்டில் கிடையவே கிடையாது. இருக்கிற இரண்டு மாசத்துக்கு அது எதற்கு என்று விட்டுவிடுவோம்.

அதோடு எங்கள் பக்கத்தில் குளிருக்காக உடம்பு முழுக்க யாரும் மூடிக்கொள்வதில்லை. காது ஒன்றுதான் கணக்கு. காலில் ஒன்றும் இருக்காது, மேலுக்கு ஒரு சட்டை, இடுப்பில் லுங்கி. ஆனால் காதில் மட்டும் பஞ்சு, அதற்கு மேல் குரங்குக் குல்லா, குல்லாவுக்கு மேல் மஃப்ளரோ துண்டோ சுற்றி, தாடைக்குக் கீழே ஒரு முடிச்சு. பல்வலிக்காரர் மாதிரி இருப்பார்கள். காது வழியாகப் பனி புகுந்துவிட்டால் மற்றதெல்லாம் மூடியிருந்தும் பிரயோஜனம் இல்லை என்று ஒரு நம்பிக்கை. அந்த மைதானத்தில் பொழுது சாய்ந்தால் காது தெரிகிற ஆம்பிளை ஒருத்தரைப் பார்க்க முடியாது.

என் வீட்டுக்காரர் இதில் எல்லோருக்கும் மேலே. காய்ச்சல் வேறு வந்து போயிருந்ததால் பஞ்சை நல்ல உருண்டையாக உருட்டி உள்ளே அடைத்துக்கொள்வார். என்னையும் கட்டச் சொல்லி நச்சரிப்பார். எனக்குக் காதை மூடினால் மூச்சே முட்டுகிற மாதிரி இருக்கும். புடவைத் தலைப்பைத் தலையோடு போட்டுக்கொள்வதோடு சரி. "சொன்னா எதுவும் உன் காதுல ஏறாது. பனி மட்டும் ஷோக்கா ஏறும் பாரு" என்பார். அவர் கிண்டல் பண்ணினால் நான் சும்மா இருப்பேனா? காது இரண்டையும் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு வந்திருக்கலாமே என்பேன். அது அவருக்குக் கேட்காது. அதனால் இன்னும் கொஞ்சம் சேர்த்தே சொல்லிக்கொள்வேன்.

மைதானத்தின் ஒரு ஓரத்தில், எடை போடுகிற தகரக் கொட்டகை. காவலுக்கு வந்திருந்த பெண்கள் ஓரிருவர் அதில் படுத்துக்கொள்வோம். அங்கிருந்து பார்த்தால் எங்கள் குவியல் தெரியும். குவியலுக்கு முன்பக்கம், வண்டிகள் வருகிற தடத்தை விட்டுத் தள்ளி, என் வீட்டுக்காரர் வைக்கோலைப் பரப்பி அதன்மேல் படுத்திருப்பார். பின்பக்கம் வேறொருவருடைய குவியல் இருந்தது. அது அன்றைக்குச் சாயங்காலம்தான் எடை போட்டு, மூட்டையாகி நகர்ந்தது. அந்த இடம் காலியாகக் கிடந்தது. அடியில் போட்டிருந்த வைக்கோலும், கிழிந்துபோன கோணிகள் ஒரு குவியலும் மட்டும் அங்கே மிச்சம்.

அன்றைக்குப் பனி ரொம்ப அதிகம். வானத்தில் ஒரு நட்சத்திரம் இல்லை. கொட்டகையின் தகரத்திலிருந்து பனி சொட்டுச் சொட்டாக என் கால்மாட்டில் விழுந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் படுத்திருந்த வயசான அம்மா ஒருத்தர் கோணிச் சாக்குக்குள் இடுப்பு வரைக்கும் நுழைந்துகொண்டு தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் விட்டு விட்டுத்தான் வந்தது. கண் விழிக்கும்போதெல்லாம் அவருடைய இருமல் கேட்கும். கேட்டதும், சரி, இருக்கிறார் என்று மறுபடியும் கண்ணை மூடிக்கொள்வேன். யாராவது இருமுவதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்குவார்களா? நான் தூங்கினேன்.

விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் எனக்கு விழிப்பு வந்தது. ஏன் வந்தது என்று முதலில் தெரியவில்லை. உட்கார்ந்து யோசித்த பிறகுதான் புரிந்தது, இருமல் சத்தத்தையே காணோம்.

நல்லபடியாகத் தூங்குகிறார் போலிருக்கிறது என்றுதான் மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆனாலும் உட்கார்ந்திருக்க முடியவில்லை. போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு போனேன். டார்ச் வெளிச்சம் இரண்டு முழத்துக்கு மேல் போகவில்லை, பனி அதை விழுங்கிக்கொண்டது. தார்ப்பாய் போட்ட குவியல்களெல்லாம் ஒரே மாதிரி இருந்ததால் எங்கள் குவியலைக் கண்டுபிடிக்கவே தடவித் தடவிப் போக வேண்டியிருந்தது.

அவர் படுத்திருந்த இடத்தில் அவர் இல்லை. போர்வையும் இல்லை, தலைக்கு வைக்கிற துணிமூட்டையும் இல்லை. வைக்கோல் மட்டும் அமுங்கிக் கிடந்தது. கை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்றிருந்தது. அவர் எழுந்து போய் நேரமாகியிருக்கிறது என்று தெரிந்தது. ஏரிப்பக்கம் ஒதுங்கப் போயிருந்தால் போர்வையையும் துணிமூட்டையையுமா எடுத்துப் போவார்? காய்ச்சல் திரும்ப வந்துவிட்டதோ, எங்கேயாவது மயக்கம் போட்டு விழுந்து கிடக்கிறாரோ என்று என்னென்னமோ நினைத்துவிட்டேன். "மாமா" என்று மெதுவாகக் கூப்பிட்டேன். மற்றவர்களை எழுப்ப வேண்டாமே என்று மெதுவாக.

அப்போதுதான் டிராக்டர் சத்தம் கேட்டது.

ரோட்டிலிருந்து திரும்பி மைதானத்துக்குள் வந்தது. விடியற்காலையில் நெல் வண்டி வருவது ஒன்றும் புதுசில்லை. முந்தி வந்தால் நல்ல இடம் கிடைக்கும் என்று எல்லோரும் பனியோடு பனியாகக் கிளம்பி வருவார்கள். ஹெட்லைட் வெளிச்சத்தில் பனி வெள்ளைச் சுவராக நின்றது. டிராக்டர் எனக்கு முன்னால் கடந்து போய், வளைந்து, நின்று, பின்னால் வர ஆரம்பித்தது. காலியாகக் கிடந்த அந்த இடத்துக்குத்தான் வருகிறான், சாயங்காலம் காலியான இடத்தை அதற்குள் எவனோ மோப்பம் பிடித்துவிட்டானே என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்த நேரத்திலும் அடுத்தவன் சாமர்த்தியத்தை எடை போடுகிற புத்தி பாருங்கள்.

டிரெய்லரின் பின்பக்கச் சிவப்பு விளக்கு மெதுவாக எங்கள் குவியலுக்குப் பின்னால் நகர்ந்தது. குவியலின் ஓரத்தைச் சுற்றி வந்து பார்த்தேன். அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் சற்று முன்னால் தரையில் ஏதோ தெரிந்தது. டார்ச்சைத் திருப்பினேன். ஒரு ஜோடி செருப்பு. பக்கத்தில் பக்கத்தில், நேராக, கோயில் வாசலில் விடுகிற மாதிரி விட்டிருந்தது. அதைத் தாண்டி அந்தக் கிழிசல் கோணிக் குவியல். அதற்கு முந்தின வாரம் உத்திரமேரூர் பஜாரில் நான்தான் பேரம் பேசி வாங்கிக்கொடுத்த செருப்பு அது.

முன்பக்கம் ஏரிக்காற்று தாங்காமல், குவியலின் மறைவுக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்த கோணிகளை எல்லாம் எடுத்து மேலே போட்டுக்கொண்டு உள்ளே புகுந்துவிட்டிருக்கிறார். வெட்டவெளியில் படுத்தாலும் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தானே படுப்போம்? அதைத்தான் செய்திருக்கிறார். அந்தக் கோணிக் குவியலைப் பார்த்தால் அதற்குள் ஒரு ஆள் இருக்கிறார் என்று ஒருத்தராலும் சொல்ல முடியாது. அதை நோக்கி ஒரு லோடு நெல்லோடு சக்கரம் பின்னால் வந்துகொண்டிருந்தது.

கத்தினேன். என் குரலைப் பற்றி எங்கள் ஊரில் கேட்டால் சொல்வார்கள். வரப்பில் நின்று கூப்பிட்டால் ஏரிக்கு அந்தப் பக்கம் மேய்கிற மாடுகூடத் திரும்பிப் பார்க்கும் என்று கேலி பேசுவார்கள். அந்தக் குரலை மொத்தமாகப் போட்டுக் கத்தினேன். "மாமா! எழுந்திரு! யோவ் மாமா!" கோணி அசையவே இல்லை. டிரைவரைப் பார்த்து, "நிறுத்து! ஆள் கீது! நிறுத்துடா!" என்று கத்தினேன். டிராக்டர் நிற்கவில்லை.

பின்னால் வரும்போது டிராக்டர் டிரைவருக்குப் பின்பக்கம் தெரியாது. டிரெய்லரில் குவித்த நெல் மறைத்துக்கொள்ளும். அதனால் எப்போதும் ஒருத்தர் பின்னால் நின்று, வா வா, லெஃப்ட்ல ஒடி என்று குரல் கொடுப்பார். அன்றைக்கு அப்படி நிற்க வேண்டிய நெல்லுக்காரர் பைக்கில் பின்னால் வந்துகொண்டிருந்தாராம். பனியில் பாதை தெரியாமல் எங்கேயோ பின்தங்கிவிட்டாராம். டிரைவர் தனியாக, ஒரு பக்கமாகத் தலையை நீட்டிப் பார்த்து, ஒரு குத்துமதிப்பில் ஓட்டிக்கொண்டிருந்தான். நான் மறுபக்கத்தில் நின்றிருந்தேன். டார்ச்சை ஆட்டினேன், அவன் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஹெட்லைட் வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி வந்ததில் அவனுடைய தலை தெரிந்தது. குரங்குக் குல்லா. அதற்கு மேலே மஃப்ளர். தாடைக்குக் கீழே முடிச்சு.

இவனுக்கும் கேட்காது, அவருக்கும் கேட்காது. மைதானத்தில் அத்தனை பேர் படுத்திருக்கிறார்கள், அத்தனை பேரும் காதைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்கள். தொண்டை கிழியக் கத்தினாலும் அந்த இடத்தில் நான் ஒரு ஊமைதான்.

அவரைப் போய் இழுக்கலாமா என்று ஒரு நொடி கால் அந்தப் பக்கம் திரும்பியது. ஆனால் கோணிக்கு அடியில் தலை எங்கே, கால் எங்கே என்று தெரியாது. தூக்கத்தில் கிடக்கிற ஆம்பிளையை ஒரே இழுப்பில் இழுக்க என்னால் ஆகாது. இழுத்துக்கொண்டிருக்கும்போதே சக்கரம் வந்துவிட்டால் இரண்டு பேருமே போய்விடுவோம். இதையெல்லாம் நின்று நிதானமாக யோசித்தேன் என்று சொன்னால் பொய். கால்தான் முடிவு செய்தது, டிராக்டரைப் பார்த்து ஓடியது.

சிந்திக் கிடந்த நெல்மேல் ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காலே நிற்காது. வழுக்கி முட்டி போட்டு விழுந்தேன். போன் எங்கேயோ போய் விழுந்தது. எழுந்து மறுபடி ஓடினேன். அந்தப் பெரிய டயர் என் தோளை உரசுகிற தூரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. புடவை அதில் மாட்டினால் என்ன ஆகும் என்பது அப்போது தோன்றவே இல்லை, அப்புறம் பல நாள் தோன்றியது. மட்கார்டைப் பிடித்து, மிதிபடியில் ஒரு காலை வைத்து ஏறினேன். வளையல்கள் உடைந்து கையில் குத்தின. டிரைவருக்கு நான் ஏறினது தெரியாது, அவன் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். கைக்கு எட்டினது அவனுடைய மஃப்ளர்தான். அதைப் பிடித்து என் பலம் கொண்ட மட்டும் இழுத்தேன்.

குல்லாவோடு சேர்ந்து கழன்று வந்தது. அவன் அலறிக்கொண்டு திரும்பினான். பனிக்குள்ளிருந்து தலைவிரி கோலமாக ஒரு பொம்பளை வந்து கழுத்தைப் பிடித்தால் அலறாமல் என்ன செய்வான்? அந்தப் பயத்தில் கிளட்ச்சிலிருந்து காலை எடுத்துவிட்டான். நிறுத்தத்தான் நான் இழுத்தேன். ஆனால் டிராக்டர் நிற்காமல் ஒரு குதி குதித்துப் பின்னால் போனது. அப்புறம் ஒரு உதறு உதறிவிட்டு எஞ்சின் அடங்கியது.

ஒரு சத்தம் இல்லை. தார்ப்பாயில் பனி சொட்டுகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. நான் மிதிபடியில் மட்கார்டைப் பிடித்தபடியே நின்றேன். பின்னால் போய்ப் பார்க்க வேண்டும், கால் இறங்கவில்லை. கூப்பிடலாம், வாய் வரவில்லை. இத்தனை நேரம் கத்தினவளுக்கு அப்போது கூப்பிடப் பயம். கூப்பிட்டு அவர் பதில் சொல்லாமல் போனால், அப்புறம் எனக்கு என்ன மிச்சம் இருக்கிறது? கூப்பிடாமல் இருக்கிற வரைக்கும் அவர் உயிரோடுதானே இருக்கிறார்? அப்படித்தான் அந்த நேரம் என் புத்தி ஓடியது.

"இன்னாக்கா? இன்னா ஆச்சு? ஆள் யார்னா கீறாங்களா?" டிரைவர் கேட்டான். இருபத்தைந்து வயசுகூட இருக்காது. நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவன் குதித்து இறங்கிப் பின்னால் ஓடினான். அவன் ஓடினதைப் பார்த்துத்தான் எனக்கும் கால் வந்தது.

டிரெய்லர் சக்கரத்துக்கு அடியில் ஒரு செருப்பு இருந்தது. அதன் வார் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கோணிகளின் ஓரம் சக்கரத்துக்குள் மாட்டியிருந்தது. அவர் போர்வை எனக்கு நன்றாகத் தெரியும், அதன் ஒரு முனையும் டயருக்கு அடியில் இருந்தது. டிரைவர் கோணியை இழுக்கப் போனான். அவனைத் தள்ளிவிட்டு நான் உட்கார்ந்தேன். ஒவ்வொரு கோணியாக எடுத்தேன். ஒரே கோணியை இரண்டு தடவை பிடித்துப் பிடித்து விட்டேன்.

கடைசிக் கோணிக்கு அடியில் அவர் ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை மடக்கி, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

மடக்கின முழங்காலுக்கும் டயருக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருக்கும். காலை நீட்டிப் படுக்கிற பழக்கம் அவருக்கு. அன்றைக்குக் குளிர் தாங்காமல் மடக்கிக்கொண்டிருக்கிறார். அந்தக் குளிர்தான் அவரை அங்கே கொண்டுபோய்ப் படுக்கவைத்தது, அதே குளிர்தான் காலையும் மடக்கவைத்தது. இதை நான் எந்தக் கணக்கில் வைப்பது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

முகத்தில் குளிர்காற்று பட்டதும் அவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். "டீ வந்துட்ச்சா?" என்றார்.

அவர் நெஞ்சிலேயே இரண்டு அடி வைத்தேன். திட்டினேன், அழுதேன், என்னென்ன சொன்னேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. அவர் எழுந்து உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டு, "இன்னா சொல்ற? காதுல வுழல மே, கொஞ்சம் சத்தமா சொல்லு" என்றார். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. முடிச்சை அவிழ்க்கக்கூடப் பொறுமையில்லாமல் அந்தக் குல்லாவை உருவி எறிந்தேன். இரண்டு காதிலிருந்தும் பஞ்சைப் பிடுங்கினேன். திரும்பி உட்கார்ந்து சக்கரத்தைக் கையால் காட்டினேன்.

அவர் பார்த்தார். தன் முழங்காலைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், அதற்கு அடியில் இருந்த செருப்பைப் பார்த்தார். அப்புறம், "பத்து நாள்கூட போடல, அதுக்குள்ள போயிட்ச்சே" என்றார். செருப்பைச் சொன்னார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தபோது அவர் உடம்பு நடுங்கின நடுக்கம் என் உடம்புக்குள்ளும் வந்தது. அது குளிரால் இல்லை.

டிரைவர் பையன் சற்றுத் தள்ளி நெல்லின்மேல் உட்கார்ந்திருந்தான். தலையில் கை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தான். அவனைக் கிழி கிழி என்று கிழிக்கத்தான் போனேன். "சத்தியமா கேக்கலக்கா. காத கட்டிக்கினு இருந்தேன்கா, சத்தியமா கேக்கல" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னான். அவன் மஃப்ளர் என் கையிலேயே இருந்தது, அப்போதுதான் கவனித்தேன். அவனைத் திட்ட என்ன இருக்கிறது? அவனுக்கும் அந்தக் குளிர்தான். எங்கேயோ ஒரு வீட்டில் அவன் அம்மா, பனியில் போறியே, காதைக் கட்டிக்கினு போடா என்று சொல்லித்தான் அனுப்பியிருப்பாள். மஃப்ளரை அவன் மடியில் வைத்தேன். அவன் அதைக் கட்டிக்கொள்ளவில்லை.

அதற்குள் விடிந்து, மைதானம் முழுக்க ஆட்கள் எழுந்து வந்துவிட்டார்கள். வந்து, "இன்னாம்மா, கூப்புடக் கூடாதா?" என்று என்னையே கேட்டார்கள். அத்தனை முகமும் முடிச்சுக்குள் இருந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

எங்கள் நெல் எடை போட்டு முடிய மேலும் சில நாட்கள் ஆயின. அத்தனை சாயங்காலமும் நான் ஒவ்வொரு குவியலாகப் போய், இன்றைக்கு நீ எங்கே படுக்கப் போகிறாய் என்று கேட்பேன். படுக்கிற இடத்தில் ஒரு குச்சியை நட்டு, அதில் வெள்ளைத் துணி கட்டச் சொல்வேன். கட்டாதவர்களுக்கு நானே கட்டிவிடுவேன். "ஆஸ்டல் வார்டன் வந்துட்ச்சுப்பா" என்று கிண்டல் செய்தார்கள். செய்துகொள்ளட்டும், ஆனால் குச்சியை யாரும் பிடுங்கவில்லை. என் வீட்டுக்காரர் அந்த ராத்திரிகளில் கொட்டகைக்குப் பக்கத்தில், என் கண்ணுக்கு எதிரிலேயே படுத்தார். நான் சொல்லாமலே படுத்தார். இத்தனை வருஷத்தில் நான் சொல்லாமல் அவர் செய்த காரியம் அது ஒன்றுதான்.

இருமல் அப்புறம் சரியாகிவிட்டது. அந்த வருஷ நெல்லும் போய்ச் சேர்ந்தது, அடுத்த போகமும் வந்தது. என்னிடம்தான் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. அவர் கொல்லையில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருப்பார், நான் அடுப்படியிலிருந்து கூப்பிடுவேன். பதில் வர ஒரு நொடி தாமதமானால் கையிலிருக்கும் கரண்டியோடு கொல்லைக்கு ஓடுவேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "இன்னாத்துக்கு மே இப்படி சும்மா சும்மா கூப்ட்டுக்கினு கீற? பேஜாரா கீது உன்னோட" என்று எரிந்து விழுவார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். நாம் கூப்பிட்டால் எரிந்து விழுவதற்கு ஒரு ஆள் இருப்பது எத்தனை பெரிய விஷயம் என்று, எஞ்சின் நின்றபின் கூப்பிடப் பயந்து நான் வாயடைத்து நின்ற அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.